கடைசி நிறுத்தத்துச் சாவி

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே! என் காலைக் காத்துக் கொடுத்த மருத்துவர் அம்மா அவர்களே! வாழ்த்துரை என்று தொடங்கி, என் நேரத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே! பிரேக்கை மிதித்து மிதித்தே பாதம் தேய்ந்த மூத்த ஓட்டுநர்களே! நெரிசலில் நின்றே நாளைக் கழித்த நடத்துநர்களே! அவர்கள் பட்ட துன்பத்தை இரண்டு மடங்காகப் பட்டும் வாய் திறக்காத பெண் நடத்துநர்களே, தாய்மார்களே! முதல் வரிசையில் உட்கார்ந்து, "சுருக்கமாப் பேசுங்க" என்று கண்ணாலேயே மிரட்டும் என் வீட்டுக்காரி அவர்களே! ஓய்வுபெற்ற இந்த ஓட்டுநரின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

இந்தக் கலர் பாட்டிலை எடுத்துவிடுங்கள். எனக்கு வேண்டாம். தலைவர் அவர்களே, நீங்களும் குடிக்காதீர்கள். தண்ணீர் போதும். ஏன் என்று சொல்லத்தானே மேடை ஏறியிருக்கிறேன்!

"ஒரு கழிப்பறையைத் திறக்க மாலையா, மைக்கா?" என்று வாசலில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. ஆமாம் ஐயா! மாலைதான், மைக்குதான்! மாளிகை திறந்தால் கைதட்டுவீர்கள். அந்த மாளிகைக்குள் உங்களை யாராவது விடுவார்களா? இது உங்களுக்காகத் திறக்கும் கதவு. இதற்குத் தட்டாத கை வேறு எதற்கு?

என் வலது காலின் கட்டைவிரலிலிருந்து தொடங்குகிறேன். ஒரு காலை, விரல் பழுத்த தக்காளிபோல் சிவந்து நின்றது. செருப்புப் படக் கூடாது, போர்வை படக் கூடாது, மின்விசிறிக் காற்றுப் பட்டால்கூட உயிர் போயிற்று. கவுட் என்றார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டில் உப்பாக உறைகிற நோய். கேள்விப்பட்டதும் இதோ இந்த மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா?

"அது ராஜ வியாதியாச்சே! கறியும் குடியுமா கொழுத்தா அப்படித்தான்."

குடியே அறியாத என்னைச் சொன்னார்! அன்று முதல் பணிமனையில் எனக்குப் பெயர் மகாராஜா. மகாராஜாவுக்குக் கொடுத்த அரியணை எது? பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களை வைக்கும் அறையில் ஒரு முக்காலி! குடைகளுக்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் நடுவில் நான். எவரோ மறந்த ஊன்றுகோல்தான் என் செங்கோல். சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு அந்த ஊன்றுகோல் எப்படிக் கனத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

வைத்தியத்துக்குப் பஞ்சமா? மெக்கானிக் ஒரு வேரைக் கடிக்கச் சொன்னார். என் நடத்துநர் வேகவைத்த இலையைச் சுடச்சுடக் கட்டிவிட்டு, "பொறுத்துக்கங்க மகாராஜா" என்றான். நான் போட்ட கூச்சலில் பணிமனையே திரும்பிப் பார்த்தது. "வீங்கிச் சிவந்த இடத்துல சூடு வைக்கலாமா? ஐஸ் வைங்க" என்று திட்டியவர் இந்த மருத்துவர் அம்மா. மாத்திரை கொடுத்தார். ஈரலை நிறுத்து, இனிப்புப் பானத்தை நிறுத்து என்றார். நிறுத்தினேன்.

என் வீட்டுக்காரி நெருஞ்சில் கஷாயம் காய்ச்சினாள். நீர் பிரிக்கும் மூலிகை என்று நானே புத்தகம் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டது. மருத்துவரிடம் மறைக்கவில்லை. குடுவை குடுவையாகக் குடித்தேன். வீக்கம் வடிந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேருந்தில் ஏறினேன். ஏறிய கொஞ்ச நாளிலேயே விரல் மறுபடியும் சிவந்தது!

அதே மாத்திரை, அதே நெருஞ்சில். பின் ஏன்? நாட்டு மருந்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் குதித்தேன். நான் வண்டிக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்த கஷாயப் பிளாஸ்க்கை என் வீட்டுக்காரி கையில் தூக்கிப் பார்த்தாள்.

"கடைக்காரர் மேல ஏன் பாயறீங்க? நான் ஊத்திக் கொடுத்தது அப்படியே திரும்பி வந்திருக்கு. ஏன் குடிக்கல?"

"குடிச்சா போகணும்டி. எங்க போறது?"

"அந்தக் குடை ரூம்ல இருந்தப்போ?"

"பக்கத்துலயே பாத்ரூம் இருந்துச்சு..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. நோய் என் விரலில் இல்லை தோழர்களே, இந்த வழித்தடத்தில் இருந்தது! கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை இல்லை. அதனால் வண்டி எடுக்கும் முன் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது நமக்கு எழுதாத சட்டம். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. தொண்டை காய்ந்தோம்! உடல் காய்ந்தோம்! காய்ந்த உடலில் உப்பு உறையாமல் தேனா ஊறும்?

மருத்துவர் அம்மா அன்று நேர்மையாகச் சொன்னார்: "உங்க கஷாயத்தைப் பத்தி என்னால உறுதியா சொல்ல முடியாது. தண்ணியைப் பத்திச் சொல்ல முடியும். குடிங்க." நான் இன்றும் என் நெருஞ்சிலை விட்டுக்கொடுக்க மாட்டேன். வெறும் தண்ணீரைத் தொடாத என்னைக் குடிக்க வைத்தது அதுதான். ஆனால் மாத்திரையையும் நான் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் சண்டை மூட்டாதீர்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவர் அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் இதே கடைசி நிறுத்தத்தில் வண்டியை அணைத்துவிட்டு, எதிரே இருந்த ஓட்டலின் கழிப்பறைக்கு நடந்தேன். திரும்பி வந்தால் ஒரு தாய் சீறினார்: "என்ன டிரைவர், நேரமாகுதுல்ல?" நான் சொன்னேன்: "அம்மா, இந்தக் கால் வீங்கிட்டா பிரேக்கை யாரு மிதிப்பா?" அவர் ஒரு நொடி என் காலைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "யாரும் கத்தாதீங்க. அவரும் மனுஷன்தானே!" என்றார்.

மேலாளர் ஜீப்பில் வந்தார். "உங்க ஒருத்தருக்காக டைமை மாத்த முடியாது."

"டைம் மாற வேண்டாம் சார். வண்டி நிக்கும்."

நின்றது! மறுநாள் பின்னால் வந்த வண்டியும் நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண் நடத்துநர், "அண்ணே, நான் காலையில இருந்து ஒரு மடக்குகூடக் குடிக்கல" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் நிமிர்ந்து நடந்தார். அந்த நடைக்குப் பின்னால் வழித்தடமே நின்றது. அந்த நடைதான் இந்தச் சுவர்! அந்த நடைதான் இந்தக் குழாய்! அந்த நடைதான் இந்தக் கதவு!

முடிக்கிறேன், முடிக்கிறேன். சற்றுமுன் மேலாளர் அவர்கள் அறிவித்தார்: கழிப்பறைச் சாவி அலுவலகத்தில் இருக்குமாம், கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். ஐயா, அலுவலகம் அந்த முனையில். கழிப்பறை இந்த முனையில். அவசரம் வந்தவன் பேருந்து பிடித்துப் போய்ச் சாவி வாங்கி வருவானா?

திறந்து வைக்கச் சொல்லி அந்தச் சாவியை என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். திறப்பேன். திருப்பித் தர மாட்டேன்!

என்ன சொல்கிறாள் என் வீட்டுக்காரி? "பூட்டையும் எடுத்துட்டு வாங்க." கேட்டீர்களா? பூட்டும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. உள்ளே இருப்பவருக்குத் தாழ்ப்பாள் போதும். வெளியே நிற்பவருக்குப் பூட்டு எதற்கு?

இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு என் நன்றி. இந்தக் குவளைத் தண்ணீரை உங்கள் எல்லோர் முன்னாலும் முழுதாகக் குடிக்கிறேன்... குடித்துவிட்டேன். இனி எனக்கும் அவசரம்தான். ஆனாலும் வழி விடுங்கள். அன்று முன்னால் நடந்த அந்தத் தங்கை இன்றும் முதலில் போகட்டும். வணக்கம்!