நட்சத்திரம் துள்ளிய படம்

டீ வேண்டாம், தண்ணீர் போதும். டீ குடித்தால் எனக்குக் கை லேசாக நடுங்கும். அந்தப் பயத்திலேயே விட்டு வருஷக்கணக்காகிறது.

நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் அழுதுவிட்டுப் போன பெண் என் அக்காவின் மகள், எனக்கு மருமகள் முறை. குழியின் மேல் பலகையைச் சரியாக மூடாமல் போனது தான்தான், அம்மா செத்ததற்குத் தானே காரணம் என்று சொல்லியிருக்கிறாள். நீங்களும் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அவள் சொன்னது நடந்ததல்ல, ஆனால் அவள் பொய் சொல்லவும் இல்லை. அப்படி நம்ப வைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

நான் லிப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் வீட்டின் பின்முற்றத்தில் தொலைநோக்கியை வைத்து நெபுலாக்களைப் படம் பிடிப்பேன். நட்சத்திரங்களுக்கு நடுவே வாயுவும் தூசியும் படர்ந்து கிடக்குமே, அது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. கேமராவின் கண்ணைப் பத்து நிமிடம் திறந்து வைத்து ஒளியைச் சேர்த்தால் ஒரு படம். அப்படிப் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் சிவப்பும் நீலமும் எழுந்து வரும். என்னுடைய தொலைநோக்கிக்குக் குவியத் தூரம் அதிகம். வானத்தில் கடுகளவு இடத்தைப் பிடித்துப் பெரிதாகக் காட்டும். நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். முற்றத்தில் ஒருவர் செருப்போடு நடந்தால் போதும், புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் புழுவாக நெளிந்துவிடும்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மாலை ஷிப்ட் முடிந்து பின்வாசல் வழியாகத்தான் வருவாள், பஸ் நிற்பது அந்தப் பக்கம். சர்க்கரை அவள் கண்ணைப் பாதி தின்றிருந்தது. வெளிச்சம் குறைந்தால் எதிரில் நிற்கும் ஆளே தெரியாது. என்றாலும் நான் படம் எடுக்கும் நாட்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு பூனை மாதிரி நடந்து வருவாள். சமையலறை ஜன்னலருகில் கணினியோடு உட்கார்ந்திருக்கும் என்னிடம், "மூச்சு விடலாமாடா, இல்ல அதுக்கும் உன்கிட்ட கேக்கணுமா?" என்பாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைப் பற்றி, "ஊர்ல நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவாங்க. இவனுக்குச் சோத்தைக் காட்டினாலும் வானத்தை விட்டு வரமாட்டான்" என்று சொல்லிச் சிரிப்பாள். எங்கள் அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டியவளும் அவள்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "பின்வாசல் லைட்டு மட்டும் எரியட்டும்டா. எனக்கு ராத்திரியில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது." நானும் சரி என்பேன். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் பல்பைக் கழற்றி வைத்துவிடுவேன். ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஸ்விட்ச் வாசல் தூணில் இருக்கிறது. அணைத்தால் அவள் போட்டுவிடுவாளே.

குழியைப் பற்றிச் சொல்கிறேன். தொலைநோக்கியை மூன்று கால் தாங்கியில் நிறுத்தி எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவது? அசையாத ஒரு கான்கிரீட் தூண் எழுப்பினால் தொல்லை தீரும். பின்வாசலிலிருந்து வரும் வழியை ஒட்டி இடுப்பளவு ஆழம் தோண்டி, அடியில் கம்பிகளைக் கட்டி நிறுத்தியிருந்தேன். கான்கிரீட் போடும்வரை மேலே கனமான பலகை. தினமும் சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பலகை சரியாக மூடியிருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்ப்பது மருமகளின் வேலை. அன்றும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் தான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்குத் திரும்பப் போனாள், கடையில் சரக்குக் கணக்கெடுப்பு இருந்தது.

வாரக்கணக்கில் மூடிக் கிடந்த வானம் அன்றுதான் திறந்தது. ஆனால் காற்று. நீளக் குழாய்த் தொலைநோக்கிக்குக் காற்று பட்டால் பாய்மரம் மாதிரி ஆடும். தடுப்பதற்கு அகலமாக ஏதாவது வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தேன். பலகையைத் தூக்கி நிறுத்தினேன். காற்று நின்றது.

திறந்த குழிக்கு முன்னால் தடுப்பு வைக்காமல் ஒரு அடிகூட நகரக் கூடாது. லிப்ட் வேலையில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அது. புதிதாகச் சேரும் பையன்களை நானே திட்டித் தீர்த்திருக்கிறேன்.

தொலைநோக்கியோடு சேர்ந்த சின்னக் கேமரா ஒன்று ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது அசைகிறதா என்று கணினியில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அன்று கோடு நூல் பிடித்தாற்போல் போனது. அப்படி ஒரு இரவு எனக்கு வாய்த்ததே இல்லை. அப்போது கோடு ஒரு துள்ளு துள்ளியது, திரையின் மேல் விளிம்பு வரைக்கும். சத்தம் கேட்டதா என்றால், கேட்டது. ஆனால் நான் முதலில் பார்த்தது கோட்டைத்தான். மெல்ல மெல்ல அது பழைய இடத்துக்கு வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"தம்பி, லைட்டப் போடுடா" என்றாள்.

"இதோ வரேன்க்கா" என்றேன்.

ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தேன். எழுந்து கதவைத் திறந்தால் சமையலறை வெளிச்சம் முற்றத்தில் கொட்டும், ஓடிக்கொண்டிருந்த படம் போய்விடும். அது ஏற்கெனவே போய்விட்ட படம்தான், நட்சத்திரம் துள்ளிவிட்டதே. அது எனக்கும் தெரியும். ஆனாலும் எழவில்லை. அடுத்த படம் தானாக ஆரம்பித்தது.

"குழியில விழுந்துட்டேன்டா. விலாவுல ஏதோ குத்திடுச்சு. எந்திரிக்க முடியல."

"இதோ, ஒரே நிமிஷம்."

"சரி, உன் வேலைய முடிச்சுட்டு வா."

அவளுடைய கடைசி வார்த்தை அது. கோபமாகச் சொன்னாளா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இல்லை. சாப்பிடக் கூப்பிட்டு நான் வராதபோது சொல்வாளே, அதே குரல். இத்தனை நாளாக அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன். அவள்தானே முடித்துவிட்டு வரச் சொன்னாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேகம் வந்ததும் எழுந்து போனேன். முதலில் பல்பை மாட்டினேன். பிறகு பலகையைக் கொண்டுவந்து, ஒரு முனை குழிக்குள் சரிந்திருப்பது போல வைத்தேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். இந்த வரிசையில்தான் செய்தேன். போகிற வழியிலேயே அவள் போய்விட்டாள். மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று அவர் சொன்னபோது என் தோளில் கை வைத்திருந்தார்.

மருமகள் ஓடி வந்தாள். "பலகை எப்படி மாமா விலகிச்சு?" என்று கேட்டாள். "நான் சரியா மூடலையா?" என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். மன்னித்துவிட்டவன் மாதிரி தலையைத் தடவியும் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறாள். வேலையையும் விட்டுவிட்டாள். உங்களிடம் வந்துவிட்டுத் திரும்பியவள் நேற்று என்னிடம், "தண்டனை கொடுத்திருந்தாக்கூடப் பரவாயில்ல மாமா" என்றாள். அதன் பிறகும் ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பாருங்கள், இதற்குக்கூட உடனே எழுந்து வர எனக்குத் துப்பில்லை.

அன்றிரவு எடுத்தவற்றை அடுக்கிச் செய்த படம் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அம்மா போன அன்று எடுத்தது என்று மருமகள்தான் பெரிதாக அச்சடித்து மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். நான் எடுத்ததிலேயே சிறந்தது அதுதான். சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஒன்றைத் திருத்த வேண்டும். மேகம் வந்ததும் எழுந்து போனேன் என்று அன்று எழுதிக் கொடுத்தேன், சற்று முன்பும் வாய் தவறாமல் அதையே சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அன்று மேகமே வரவில்லை. நெபுலா பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னால் இறங்கும்வரை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு சினிமா பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம். நட்சத்திரம் துள்ளிய படத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்குப் பின் வந்தவற்றை எல்லாம் சேர்த்துக்கொண்டேன். அவற்றில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. எனக்காகத்தான் அக்கா அசையாமல் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.