குறிப்புகள் உட்பட

– மூழ்கிடுச்சுன்னு எழுதிடு ஜெரூஷா. போன மழையில சோர்ஸ் கோடு மொத்தமும் தண்ணில போயிடுச்சு, மன்னிக்கவும்னு.

– நம்ம ஆபீஸ் ரெண்டாவது மாடி டெனிஸ்.

– ராஜகீழ்ப்பாக்கம்னு அட்ரஸ் பாத்தா நம்பிடுவாங்க.

– நம்ப மாட்டாங்க. கஸ்டமர் கூடுவாஞ்சேரி. அவங்க தெருவுலயே முட்டிக்கால் அளவு தண்ணி நின்னுச்சு, மாடி வீட்டுக்காரங்க ஜன்னல்ல உக்காந்து டீ குடிச்சாங்க.

– உனக்கு எப்படித் தெரியும்?

– கூடுவாஞ்சேரின்னா அப்படித்தான். வேற காரணம் சொல்லு.

– தொழில் ரகசியம்னு எழுது.

– என்ன ரகசியம்? நம்ம கீபோர்டுக்குள்ள ஓடற ஃபர்ம்வேர்ல முக்கால்வாசி நீ எழுதினதே இல்ல. யார் யாரோ எழுதி, யார் வேணா எடுத்துக்கலாம்னு இன்டர்நெட்ல வச்சிருந்தாங்க. நீ எடுத்த. வயர் இல்லாம ஓடறதுக்கு ப்ளூடூத் பார்ட்டை மட்டும் சேர்த்த.

– மட்டும்ங்கற. ஒன்றரை வருஷம் ஜெரூஷா. முடி கொட்டிடுச்சு.

– கொட்டட்டும். லைசென்ஸ்ல அவங்க போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ. ஆனா உங்கிட்ட வாங்கினவங்க வந்து கேட்டா, நீ மாத்தினதையும் சேர்த்து முழுசா காட்டணும். செல்வமேரி மேடம் வாங்கினாங்க, கேக்கறாங்க. காட்டு.

– அதான் எனக்குப் புரியல. முன்னூறு பேருக்கு வித்திருக்கோம். கீ தட்டற சத்தம் பத்தலன்னு கேட்டிருக்கான், சத்தம் ஜாஸ்தி, பக்கத்து வீட்ல சண்டைக்கு வராங்கன்னு கேட்டிருக்கான். சோர்ஸ் கோடு வேணும்னு ஒருத்தன் கேட்டதில்ல. இந்தம்மா ரிட்டயர்டு டீச்சர், அறுபத்தோரு வயசு. எதுக்கு அவங்களுக்கு? அந்த மெயில இன்னொரு தடவ படி.

– "தாங்கள் விற்ற கீபோர்டில் உள்ள மென்பொருளின் மூலநிரலை, தாங்கள் திருத்தி வேலை செய்யும் அதே வடிவில், எழுதியவரின் குறிப்புகள் உட்பட, ஒரு வரியும் நீக்காமல் அனுப்பி வைக்கவும்."

– பாரு, பாரு. குறிப்புகள் உட்பட! வக்கீல் வீட்ல பொறந்தவங்க மாதிரி எழுதறாங்க.

– டீச்சர்ல. மார்ஜின்ல கிறுக்கறதையும் விட மாட்டாங்க.

– குடுக்கலன்னா என்ன ஆகும்?

– அந்த ஃபர்ம்வேரை எழுதினவங்களுக்கு புகார் போகும். உங்களுக்கு இனிமே உரிமை இல்லன்னு அவங்க சொன்னா நாம விக்க முடியாது. கீழ பேக் பண்ணி வச்சிருக்கற நூத்திருபது பெட்டியும் அப்படியே கெடக்கும். பேக்கிங் பண்ற மாரி அக்கா பெட்டி மேலயே படுத்துத் தூங்க வேண்டியதுதான்.

– சரி, குடுத்துடறேன். நான் எப்போ மாட்டேன்னேன்? கமெண்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு நீட்டா குடுக்கறேன்.

– கமெண்ட்ல என்ன இருக்கு?

– ஒண்ணுமில்ல. கோடு நடுவுல எனக்கு நானே எழுதி வச்சுக்கறது. மெஷின் அதைப் படிக்காது.

– டீச்சர் படிப்பாங்க.

– அது வந்து... பாஷை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஆபீஸ்லதான் நான் டீசன்ட்டு. கமெண்ட் எல்லாம் எங்க வூட்டு பாஷை. நாலாயிரம் வரில ஒரு நாலு எடத்துல மட்டும் அழிச்சுடறேனே?

– எந்த நாலு எடம்?

– எதுக்கு இப்போ அதெல்லாம்?

– ஒரு வரியும் நீக்கக் கூடாது டெனிஸ். நீ எந்த ஃபைலைத் திறந்து வேலை செய்யறியோ அதையேதான் குடுக்கணும். இரு, என் கீபோர்டு செவப்பா மின்னுது. சார்ஜர் எங்க?

– இந்தா.

– முந்தாநாள்தான் போட்டேன். உங்க எல்லார்துக்கும் மாசத்துக்கு ஒரு தடவ. எனக்கு மட்டும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ. ஏன்னு மூணு மாசமா கேக்கறேன்.

– பேட்டரி அப்படி.

– பேட்டரி ரெண்டு தடவ மாத்தியாச்சு.

– அப்போ சார்ஜர் அப்படி.

– ம். சார்ஜர் அப்படி. சரி, சீக்கிரம் ஃபைலை எடுத்து வை. சார் வந்துருவாரு.

– சார் எதுக்கு?

– இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இந்த ஆபீஸ்லேர்ந்து வெளிய போற எதையும் ஜெபத்துல வாசிக்காம அவர் அனுப்பினதுண்டா? போன வாரம் கூரியர்காரனுக்கு எழுதின கம்ப்ளெய்ன்ட்டையே எழுந்து நின்னு வாசிச்சாரு. எல்லாரும் ஆமென் சொன்னோம்.

– அது அரை பக்கம்! இது நாலாயிரம் வரி!

– கோடு அவருக்குப் புரியாதாம். நடுவுல தமிழ்ல இருக்கறத மட்டும் வாசிக்கறேன்னாரு.

– தமிழ்ல இருக்குன்னு அவருக்கு யார் சொன்னது?

– நான்தான்.

– ஜெரூஷா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?

– ஸ்தோத்திரம் பிள்ளைகளா. என்னப்பா டெனிஸ், வேர்த்து ஊத்துது? ஃபேன் ஓடலியா?

– ஓடுது சார். ஸ்தோத்திரம் சார். சார், ஒரு சின்ன விஷயம், அந்தக் கமெண்ட்டை மட்டும்...

– ஜெரூஷா எல்லாம் சொல்லுச்சு. நேர்மையா சொல்றேன் தம்பி, இதுல யோசிக்கறதுக்கே ஒண்ணுமில்ல. நம்ம சர்ச்சுல அசனம் நடக்குது. ஊரே ஆளுக்கொண்ணு கொண்டு வந்து சமைக்குது, நாம வயிறார சாப்பிடறோம். கடைசில, நான் கொண்டு வந்த கூட்டை மட்டும் மூடி வச்சுக்குவேன், யாருக்கும் காட்ட மாட்டேன்னா எப்படிப்பா?

– கூட்டு கெட்டுப் போச்சு சார்.

– அதை நாங்க சொல்றோம். எழுந்திரு, அந்த நாற்காலிய குடு. எங்க இருக்கு தமிழு? இது எப்படி கீழ போகும்?

– மவுஸ்ல அந்தச் சக்கரம் சார். நான் உருட்டறேன்...

– நீ கைய எடு. ஜெரூஷாம்மா, நீ உருட்டு. ஆங், நில்லு நில்லு. "இந்த மூணு லைனு இன்னா பண்ணுதுன்னு சத்தியமா தெர்ல. தூக்குனா ப்ளூடூத் பூடுது. எவனா கைய வெச்சான், கீச்சுடுவேன்."

– சார்...

– யாரைக் கிழிப்ப?

– பொதுவா சார்.

– நான் கை வச்சா?

– உங்களை எப்படி சார்!

– உண்மையிலேயே அது என்ன பண்ணுதுன்னு உனக்குத் தெரியாதா?

– தெரியாது சார்.

– இதை வித்துட்டிருக்கோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உருட்டும்மா. "சாரு ரெயின்போ லைட்டு கேட்டாரு. போட்டுட்டேன். கல்யாண மண்டபத்து வாசல்ல சீரியல் பல்பு மாட்டுனாப்ல கீது. நான் இன்னா சொல்ல முடியும், சம்பளம் குடுக்கற மனுசன்." டெனிஸ்.

– சார்.

– அப்படியா இருக்கு?

– ஜெரூஷா, நீ சொல்லேன்.

– கொஞ்சம் அப்படித்தான் சார் இருக்கு.

– நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னீங்களே!

– நீங்க ஜெபத்துல கேட்டீங்க சார். நாங்க ஆமென் சொன்னோம்.

– ம்ம். நேர்மையா சொல்றேன், எம் பொண்டாட்டி ரத்தினபாயும் இதையேதான் சொன்னா. உருட்டு. "சாரு ஜெபம் இருவத்திரெண்டு நிமிசம் போவுது. டைமு வெச்சுப் பாத்துக்கினேன். அதுக்குள்ள கீபோர்டு தூங்கிடுது. வந்து தட்டுனா மொதோ எழுத்த முழுங்குது. அதனால தூங்கற டைமை பத்துலேர்ந்து இருவத்தஞ்சு நிமிசமா தள்ளி வெச்சுக்கினேன்."

– தப்புதான் சார்.

– இரு. பேட்டரி சீக்கிரம் தீருதுன்னு போன மாசம் பதினாலு பேர் எழுதினாங்களே. பெங்களூர்லேர்ந்து ஒருத்தன் திட்டினானே. அதுக்கெல்லாம் காரணம் என் ஜெபமா?

– கடைசி பன்னெண்டு நிமிஷ ஜெபம் மட்டும் சார். பத்து நிமிஷம் வரைக்கும் பிரச்சனை இல்ல.

– என்னைச் சிரிக்க வைக்காத, நான் கோவத்துல இருக்கேன். ஆனா ஒண்ணு தம்பி. இந்த உண்மைய என் முகத்துக்கு நேரா ஒருத்தரும் சொன்னதில்ல. மெஷினுக்குள்ள எழுதி வச்சிருக்க. அந்த மேடம் கேக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இன்னும் இருக்கா?

– இல்ல சார். அவ்ளோதான். முடிஞ்சுது. மூடிடலாமா?

– இன்னும் ஒண்ணு இருக்கு சார். நாலு எடம்னு அவனே சொன்னான்.

– ஜெரூஷா, வேணாம். கெஞ்சிக் கேக்கறேன். இதை மட்டும் விட்டுடு. சார், வேலையை வேணா எடுத்துக்கோங்க, இதை மட்டும் வாசிக்காதீங்க.

– அவ்வளவு கெட்ட வார்த்தையா?

– கெட்ட வார்த்தையா இருந்தா நானே வாசிப்பேன் சார்.

– உருட்டும்மா. ஆங். "ஏழாம் நம்பர் கீபோர்டு தூங்கவே கூடாது. பேட்டரி போனா போவட்டும். தூங்கி எழுந்தா மொதோ எழுத்த முழுங்குது, பாஸ்வேர்டு தப்பா பூடுது, அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிப் பூடுது. காலைல அந்த மூஞ்சி வாடுச்சுன்னா எனுக்கு அன்னிக்கு ஃபுல்லா கோடு வர மாட்டுது. இத்த சரி பண்ற வரிக்கும் ஏழாம் நம்பர் முழிச்சிக்கினே இருக்கட்டும். நானும்தான் முழிச்சிக்கினு கீறேன்." ஏழாம் நம்பர் யாருது?

– ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா சார்?

– டெனிஸ், கேட்டேன்ல. ஏழாம் நம்பர் கீபோர்டு யார் மேஜையில இருக்கு?

– என்னுது சார்.

– ஓ. உன்னுதா ஜெரூஷாம்மா?

– ஆமா சார்.

– அப்படியா சங்கதி. சரி... நான் கீழ போறேன். மாரி எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கும். முதல் மூணையும் நான் வாசிக்கறேன், சீரியல் பல்பு உட்பட. இந்தக் கடைசியை வாசிக்க மாட்டேன். ஆனா அந்த மேடத்துக்கு நாலும் போகணும், ஒரு எழுத்து குறையக் கூடாது. சத்தியம் சத்தியந்தான்.

– சரி சார்.

– டெனிஸ், அந்தத் தூங்கற டைமை பத்து நிமிஷமாவே மாத்திடு. இன்னிக்கு ஜெபம் ஒம்போது நிமிஷம்தான். ரெண்டு பேரும் மெதுவா வாங்க.

– சார் கீழ போயிட்டாரு டெனிஸ்.

– சொல்லாத. ஒண்ணும் சொல்லாத. திங்கக்கிழமைலேர்ந்து நான் வரல. எனக்கு வெக்கமா இருக்கு, உன் முகத்தைப் பாக்க முடியல.

– முகத்தை அப்புறம் பாரு. ஒரு டவுட்டு. என் கீபோர்டுக்குன்னு நீ தனியா ஃபர்ம்வேர் எழுதலையே? எல்லாத்துலயும் ஒண்ணுதான?

– ஒண்ணுதான்.

– அப்போ நாம வித்த முன்னூறு கீபோர்டுலயும் இந்த வரி இருக்கு?

– இருக்கு.

– மதுரையில, பெங்களூர்ல, யாரோ ஒருத்தன் மேஜையில, அது தூங்கறதுக்கு முன்னாடி 'நான் ஏழாம் நம்பரா?'ன்னு ஒரு தடவ கேட்டுப் பாத்துக்குதா?

– ஒவ்வொரு தடவையும். இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் தூங்கும்.

– லூசு.

– தெரியும்.

– பேட்டரின்ன. சார்ஜர்ன்ன.

– வேற என்ன சொல்றது? நேத்தும் கேட்ட, சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். நீ சாம்பார் சாதம் சாப்டுட்டிருந்த. சரி, சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்.

– மூணு மாசமா சாம்பார் சாதமா சாப்பிட்டேன்? சரி, மொதல்ல வேலைய முடி. ஃபைலை அனுப்பு.

– ஒரு எழுத்தும் எடுக்கல. பாத்துக்கோ. செல்வமேரி மேடம் மெயில் ஐடி சொல்லு.

– எனக்கே அனுப்பு.

– உனக்கு எதுக்கு? கேட்டது அவங்க. அப்புறம் அவங்களுக்கு வரலன்னு புகார் போட்டா?

– போட மாட்டாங்க. பெரியம்மாவுக்கு மெயில் திறக்கவே தெரியாது, பாஸ்வேர்டு எங்கிட்டதான் இருக்கு.

– பெரியம்மாவா? எந்தப் பெரியம்மா? இரு... கூடுவாஞ்சேரி... முட்டிக்கால் தண்ணி... ஜன்னல்ல டீ...

– கீபோர்டை இன்னும் டப்பாவுலேர்ந்து பிரிக்கல. பீரோ மேல இருக்கு.

– ஜெரூஷா! அப்போ அந்த மெயிலு? 'குறிப்புகள் உட்பட'?

– நான் கேட்டா பேட்டரிங்கற, சார்ஜருங்கற. லைசென்ஸ் கேட்டா உண்மையச் சொல்லித்தான ஆகணும்?