லிஃப்ட் அண்ணன் வரைந்த கதவு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் ஐயா அவர்களே, லிஃப்ட் அண்ணனோடு முப்பது ஆண்டுகள் தோளோடு தோள் நின்று வேலை பார்த்த மெக்கானிக் தோழர்களே, ஞாயிறுதோறும் இந்த நூலகத்தில் கூடும் எங்கள் வரைபடக் குழுவினரே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவர் பக்கத்தில் கைபிடித்து உட்கார்ந்திருக்கும் மகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மேடை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று வந்ததும் சிலர் கேட்டீர்கள். அந்த மேடைக்கு மூன்று படி இருக்கிறது. அண்ணியின் சக்கர நாற்காலி ஏற முடியாத இடத்தில் நாங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டு அண்ணனைப் புகழ்ந்தால் அவர் சும்மா விடுவாரா? “படி மூணு, சாய்தளம் இல்லை” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால்தான் தலைவர் உட்பட எல்லோரும் இன்று கீழே உட்கார்ந்திருக்கிறோம்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வரைபடக் குழுவிலும் எனக்கு அதே வேலைதான். எங்கள் வரைபடம் யாருக்கும் சொந்தமில்லாதது. இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். புதிதாக வருகிறவர்கள் வரைவதை நான் பார்ப்பேன். தப்பாக இருந்தால் அழித்துவிடுவேன். கறார் பேர்வழி என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னவர் அண்ணன் ஒருவர்தான். எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சர். நான் வாழ்நாளில் ஒரு வகுப்புக்கும் பாடம் எடுத்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐம்பத்தேழு வயதில், அவர் எங்கள் குழுவுக்குப் புதுமுகமாக வந்தார். புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: முதலில் உங்கள் வீட்டை வரையுங்கள், தெருமுனைக் கடையை வரையுங்கள், கை பழகட்டும். அண்ணன் கேட்டாரா? எடுத்த எடுப்பிலேயே பெரிய மருத்துவமனையில் கை வைத்தார்! ஐந்து கட்டடங்கள், அவற்றை இணைக்கும் பாலங்கள், சரிவான நிலம். ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து பாலத்தில் நடந்தால் அடுத்த கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேரும். பத்து வருடம் வரைந்தவர்களே அதைத் தொடப் பயந்து வெறும் ஐந்து பெட்டியாகப் போட்டு வைத்திருந்தோம்.

முதல் நாள் அவர் வரைந்த கட்டடம் நடுச்சாலையில் நின்றது. வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துத்தான் நாங்கள் வரைவோம். படம் சாய்வாக இருந்தால் உயரமான கட்டடத்தின் கூரை ஒரு பக்கம் தள்ளித் தெரியும். தெரியாதவர்கள் அந்தக் கூரையைச் சுற்றிக் கோடு போட்டுவிடுவார்கள். “கூரையை வரையக் கூடாது, கட்டடத்தின் அடியை வரையுங்கள்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அழித்தேன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது: “மன்னிச்சுக்குங்க டீச்சர். முப்பது வருஷமா நான் வேலை பாத்ததெல்லாம் மொட்டை மாடி லிஃப்ட் மெஷின் ரூம்ல. அதான் மேலேருந்தே ஆரம்பிச்சுட்டேன்.”

அடுத்த வாரம் எல்லா மாடிகளையும் ஒரே தளத்தில் போட்டுக் குவித்தார். அறுவைச் சிகிச்சை அறைக்கு நடுவில் கேன்டீன் இருந்தது. குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அழித்தேன். மறுபடி வரைந்தார். மாடிக்கு எண் கொடுக்கும்போது ஒவ்வொரு லிஃப்ட்டிலும் இருக்கும் பட்டன் எண்ணையே போட்டார். ஐந்து லிஃப்ட்டுக்கும் ஐந்து கணக்கு. அதையும் அழித்தேன். நான் அழிக்க அழிக்க அவர் வரைந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது கோபப்பட்டிருப்பாரா? இல்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் எல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆறு மாதத்தில் அவர் கற்றுக்கொண்டார். நான் வாயடைத்துப் போகும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். ஐந்து லிஃப்ட்டுக்கும் பொதுவாக ஒரே மாடிக் கணக்கை உருவாக்கினார். அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு விடுமுறை நாளெல்லாம் மருத்துவமனையில் அலைந்தார். ஒவ்வொரு கதவுக்கும் அகலம், ஒவ்வொரு வாசலுக்கும் எத்தனை படி, ஒவ்வொரு சாய்தளமும் எவ்வளவு செங்குத்து, எல்லாம் எழுதினார். “இவ்வளவு நுணுக்கம் எதற்கு அண்ணா? வரைபடம் பாரம் தாங்காது” என்று நான் கடிந்துகொண்டேன். “இருக்கட்டும் டீச்சர், யாருக்காவது ஆகும்” என்றார். அந்த யாராவது யார் என்று நான் கேட்கவில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மெக்கானிக் தோழர்களுக்குத் தெரியும். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கும் முன் வெளியே பட்டனுக்கு மேல் ஒரு போர்டு மாட்டுவார்கள். ‘ஆள் உள்ளே’ என்று அதில் எழுதியிருக்கும். அண்ணன் அதை வரைபடத்துக்கும் கொண்டு வந்துவிட்டார். எந்தக் கட்டடத்தில் வேலை பாதியில் இருக்கிறதோ அதன் மேல் ஒரு குறிப்பை விடுவார்: ‘ஆள் உள்ளே. தொட வேண்டாம்.’ எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. நாலு கட்டடங்களை முடித்து நாலு குறிப்புகளையும் அவரே எடுத்தார். ஐந்தாவது கட்டடத்தில் மாட்டினார்.

இனி நான் சொல்லப் போவது என் குற்றம். சபையிலே சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

அந்த ஐந்தாவது கட்டடத்தின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி, அண்ணன் ஒரு கதவு வரைந்தார். படி இல்லை, அகலம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர், உள்ளே நேராக லிஃப்ட் என்று எழுதியிருந்தார். வானத்துப் படத்தில் அங்கே ஒரு தகரக் கூரைதான் தெரிகிறது. ஆதாரம் இல்லை என்று அழித்தேன். மறுபடி வரைந்தார். படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லி அழித்தேன். உள்ளே படம் எடுக்க விட மாட்டார்கள் என்றார். மூன்றாம் தடவை வரைந்துவிட்டு எனக்கு எழுதினார்: “கதவு இருக்கு டீச்சர். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க. பக்கத்துலயே டீக்கடையும் இருக்கு.”

நான் போனேனா? என் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்குப் பேருந்தில் இருபது நிமிடம். நான் போகவில்லை. அச்சகத்தில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்றாம் முறையும் அழித்தேன். அவர் நாலாம் முறை வரையவில்லை. அண்ணன் ஒருவழியாக விதிக்குக் கட்டுப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆறாம் நாள் அவர் போய்விட்டார் என்று தகவல் வந்தது. அந்த ஆறு நாளும் அவர் அதே மருத்துவமனையில் படுக்கையில் இருந்திருக்கிறார்.

துக்கம் விசாரிக்கப் போனபோது அண்ணிதான் சொன்னார். அண்ணிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அது நடப்பது ஐந்தாவது கட்டடத்தில். நாலு வருடமாக அண்ணன்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவார். முன்வாசலில் பதினொரு படி. அதனால் பின்பக்கக் கதவு.

“ரெண்டு வருஷம் முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரும்மா, இவரு இதயம் ரொம்ப நாள் தாங்காதுன்னு. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்து சேந்தாரு. நான் இல்லன்னா நீ எப்படிப் போவே, போன்லயாவது வழி இருக்கட்டும்னு சொன்னாரு.”

நாலு வருடம் போன வழி உங்களுக்குத் தெரியாதா அண்ணி என்று கேட்டேன். புத்திகெட்ட கேள்வி.

“அவரு தள்ளுவாரு, நான் ஊர்க்கதை பேசிட்டே வருவேன். வழிய யாரும்மா பாத்தா? சோப்பு வாசனை வரும், அப்புறம் லிஃப்ட் வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இதோ இருக்கும் மகள், அப்பா வரைந்த வரைபடத்தைப் போனில் வைத்துக்கொண்டு அம்மாவை அழைத்துப் போயிருக்கிறார். வரைபடம் எங்கே கொண்டு போய் நிறுத்தியது? பதினொரு படிகளுக்கு முன்னால். தூக்க ஆள் தேடி, கிடைக்காமல், சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் யாரோ இரண்டு பேர் தூக்கிவிட்டு மேலே போய்ச் சேர்ந்தபோது அண்ணியின் நேரம் கடந்து மெஷினை வேறொருவருக்குப் போட்டுவிட்டார்கள். மறுநாள் வரை அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். மகள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அழித்தது யார் என்று அப்போது அவருக்குத் தெரியாது. நான்தான் மகளே அழித்தேன். உன் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

துக்கம் விசாரிக்கப் போன அன்று அண்ணன் வீட்டு வாசலில் நின்றிருந்த மெக்கானிக் தோழர் ஒருவரிடம் அந்தப் போர்டைப் பற்றிக் கேட்டேன். “மாட்டுனவர்தான் கழட்டணும். அவரால முடியலன்னா, இன்னொருத்தர் உள்ள எறங்கி, கண்ணால பாத்துட்டு வந்துதான் கழட்டலாம். பாக்காம பட்டனத் தொட்டா உள்ள இருக்கறவர் கதி என்னாகும்?” என்றார். நான் தொட்டேன், தோழர்களே. ஆள் உள்ளே இருக்கும்போதே தொட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அண்ணியோடும் மகளோடும் நான் போனேன். இந்த முறை நான் தள்ளினேன். சலவைக்கூடம் எங்கே என்று நாலு பேரைக் கேட்டோம். ஒரு திருப்பத்தில் அண்ணி கையைத் தூக்கி, “நில்லும்மா, சோப்பு வாசனை” என்றார். தகரக் கூரைக்கு அடியில், பச்சை வண்ணம் அடித்த ஒரு கதவு. அண்ணனின் டேப்பை வைத்து அளந்தேன். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அண்ணிதான் என் கையைத் தட்டிக்கொடுத்து, “நேரமாகுதும்மா, மேல போலாம்” என்றார். பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம்.

அன்று மாலை கதவைத் திரும்பப் போட்டேன். புதிதாக வரையவில்லை. என் அழிப்பைத்தான் ரத்து செய்தேன். அதனால் அந்தக் கதவை வரைந்தவர் என்ற இடத்தில் அண்ணனின் பெயர்தான் இருக்கிறது, என் பெயர் இல்லை.

அன்பார்ந்தவர்களே, அண்ணனுக்குச் சிலை வேண்டுமா? பட்டம் வேண்டுமா? கேட்டால் சிரிப்பார். அவர் கேட்டதெல்லாம் ஒரு தடவை வந்து பாருங்கள் என்பதுதான். போய்ப் பார்க்காமல் இனி ஒருவருடைய கதவையும் அழிக்க மாட்டேன். இது என் உறுதி. எங்கள் குழுவும் நேற்று இதையே விதியாக எழுதிக்கொண்டது. ஐந்தாவது கட்டடத்தில் இன்னும் மூன்று மாடி மிச்சம் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்தப் பச்சைக் கதவு முன்னால் கூடுகிறோம். மெக்கானிக் தோழர்களும் வருகிறார்கள். டேப் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள்.

அண்ணனின் குறிப்பு இன்னும் அந்தக் கட்டடத்தின் மேல் இருக்கிறது. ‘ஆள் உள்ளே. தொட வேண்டாம்.’ நாங்கள் தொடவில்லை. ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், கண்ணால் பார்த்து, கடைசிக் கதவை வரைந்து முடித்த பிறகு, அண்ணி தன் கையால் அதை எடுப்பார்.

இப்போது மௌன அஞ்சலி. யாரும் எழுந்து நிற்க வேண்டாம். அண்ணி உட்கார்ந்திருக்கிறார், நாமும் உட்கார்ந்தே இருப்போம். அதற்கு முன் அண்ணனுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது.

அண்ணா, கதவு இருக்கிறது. நான் வந்து பார்த்துவிட்டேன்.