கன்னியம்மாள் பாட்டு ‘லெஸ்ஸர்’ பாட்டா?

புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி பாடிய பாட்டை, ‘லெஸ்ஸர்’ என்ற ஓர் ஆங்கிலச் சொல்லால் தள்ளிவிட்டு, அவள் பெயரையும் நீக்கிவிட்டு, தான் போடும் நாட்டுப்பாட்டுப் புத்தகத்தின் கடைசியில் பொடி எழுத்தில் போடத் துணிந்திருக்கிறது நம் வாசகசாலை! இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வணக்கம் சொல்ல வாய் வருகிறது.

தலைமை ஏற்றிருக்கும் பாலகுரு அவர்களே, காரியதரிசி முசியே அமலநாதன் அவர்களே, நெல்லித்தோப்பிலிருந்தும் சாரத்திலிருந்தும் நடந்து வந்த பெரியோர்களே, குப்பத்திலிருந்து கூடையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நேற்று, அச்சுக்குப் போகவிருக்கும் அந்தப் புத்தகத்தின் முன்னுரையைப் படித்தேன். திகைத்தேன். என் கண்தான் பிசகிவிட்டதோ என்று மறுபடி படித்தேன். கண் பிசகவில்லை ஐயா, நியாயம்தான் பிசகியிருக்கிறது!

பிரெஞ்சுக்காரன் நம் ஊரை விட்டுக் கப்பலேறிய பிறகு, அகராதி வாங்கி நானே படித்த ஆங்கிலம் என்னுடையது. என்ன, பின்வரிசையில் சிரிப்பு? சிரியுங்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள். லெஸ்ஸர் என்றால் இன்னொன்றைவிடச் சிறியது. ஒரே இனத்துப் பறவை இரண்டில் சிறியதற்கு அந்தப் பெயர் வைக்கிறார்கள். அதில் இழிவு இல்லை, அளவுதான் உண்டு. இரண்டு தீமைகளில் குறைந்ததையும் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே அது ஆறுதல். ஆனால் இலக்கியம் பேசுகிறவர்கள் ஒரு கவிஞனை லெஸ்ஸர் என்றால், அது தீர்ப்பு! யாரைவிடக் குறைவு? எதை அருகில் வைத்து அளந்தார்கள்? சொல்லவே மாட்டார்கள். அளந்தவன் கோலைக் காட்டாமல் அளவை மட்டும் சொன்னால் ஒப்புவீர்களா?

பாட்டுகளைத் தொகுத்த நம் வாசகசாலைக் கமிட்டி அளந்த அழகைக் கேளுங்கள். கன்னியம்மாளை இதே மண்டபத்துக்கு அழைத்தார்கள்.

“பாடும்மா, ஒப்பாரி” என்றார் காரியதரிசி.

“இங்க யாருங்க செத்துட்டாங்க? தலைவரு நல்லாத்தான ஒக்காந்துகினு இருக்காரு!”

தலைவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மன்னியுங்கள் பாலகுரு, வெளுத்தது!

“சும்மா ரெண்டு வரி பாடும்மா.”

“சாவு வுழாத எடத்துல ராகம் எடுக்கக் கூடாதுங்க சாமி. வாசலுக்கு வெளிய நின்னு வாயால சொல்றேன், எழுதிக்குங்க.”

வெளியே நின்றாள். மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள். இந்த மண்டபத்துக்குக் கெடுதல் வரக்கூடாதென்று தன் பாட்டின் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டாள்! அதற்குக் கமிட்டி கொடுத்த பட்டம் லெஸ்ஸர். ஓசை இல்லையாம், உணர்ச்சி இல்லையாம்!

அவள் புருஷன் ராமதாஸ் பிணமாகக் கரை ஒதுங்கிய அன்று நான் அங்கே இருந்தேன்.

“நண்டு போட்ட கோலங்கூட
நாலு அலைக்கு நிக்குதய்யா
நீ நடந்து போன தடம்
நிக்கலியே என் ராசா”

ராகத்தோடு கேட்டவன் நான். வலை இழுக்கும் ஆண்கள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன்.

பெயரை நீக்கியதை நேற்று அவளிடம் நான்தான் சொன்னேன். “எம் பேரு போனாப் போவுது சாமி. அவரு பேரயாச்சும் போடுவாங்களா? அவருக்குப் பாடுனதுன்னு?” என்றாள். அந்தக் கேள்வியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். இந்த மேடையில் பதில் இருக்கிறதா?

பொறுமையாகக் கேட்டீர்கள், உங்களை வணங்குகிறேன். ஆனால் வேலை முடியவில்லை. தலைவர் முன்னுரையில் உள்ள அந்தச் சொல்லைத் தம் கையாலேயே அடித்து நீக்க வேண்டும். காரியதரிசி பாட்டின் தலைப்பில், ராமதாசுக்காகக் கன்னியம்மாள் பாடியது என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அச்சகத்து சகாயநாதன் அதுவரை எந்திரத்தை ஓட்டக் கூடாது. தாய்மார்கள் நாளைக் காலையில் அச்சக வாசலில் போய் நிற்க வேண்டும். நான் முன்னால் நிற்பேன். கமிட்டி ஐயாமார்கள், இனி ஒப்பாரிக்கு மதிப்புரை எழுதுவதானால், துக்க வீட்டுக்குப் போய், நாற்காலி கேட்காமல், தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுத வேண்டும்.