எட்டுப் புள்ளிக்கான விளக்கம்

“அந்தக் கொப்பியில அப்பிடி என்னதான் புள்ள எழுதுறாய்?” என்று இமெல்டா அக்கா ஒருநாள் கேட்டாள். மீன் கழுவிய கையோடு குசினி வாசலில் நின்றாள். “சும்மா” என்றேன். மறுபடி கேட்டிருந்தால் காட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐயா, நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். குடும்ப நிதித் திட்டமிடல் சான்றிதழுக்காக மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குத் தபாலில் விடைகள் அனுப்பிய ஜெயராஜா என் அண்ணன். விடைகளை எழுதியவள் நான். அண்ணன் காப்புறுதிக் கந்தோரில் கிளாக்கர். சான்றிதழ் இல்லாமல் பதவி உயர்வு இல்லை; 1964இல் ஒருமுறை தவறியும்விட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதற்கு மட்டும் பயமில்லை. “நீ யோசிச்சு எழுது, நான் இங்கிலீசில போடுறன்” என்றார் அண்ணன்.

கடைசிப் பயிற்சிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டிருந்தீர்கள். மூன்றாம் படி எவ்வாறு நிறைவேறியது என்று விளக்கவில்லை என எட்டைக் குறைத்திருந்தீர்கள். அது நியாயம். ஆகவே விளக்குகிறேன்.

உண்மையான ஒரு குடும்பத்தை எடுத்து, அதில் சும்மா கிடக்கும் சொத்தைக் கண்டுபிடித்து, அதைப் பயன்படுத்தத் திட்டமிட்டு, ஆறு மாதத்தில் நடந்ததை அறிக்கையாக அனுப்பச் சொன்னீர்கள். வெளியே போய் விசாரிக்க எனக்கு வெட்கம். எங்கள் வீட்டையே எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அப்பா இறக்குமுன் வாவிக்கரையில் ஒரு கல்வீடு கட்டி, மூத்தவளான இமெல்டா அக்காவுக்கென்று வைத்தார். அக்காவுக்கு முப்பது வயதாகியும் கல்யாணம் சரிவரவில்லை. சனிக்கிழமைதோறும் தன்னிடமிருந்த திறப்பால் வீட்டுப் பூட்டைத் திறந்து, கூட்டி, யன்னல்களைத் துடைத்து, கொஞ்சநேரம் நடுவில் நின்றுவிட்டுப் பூட்டுவாள். அதைப் பார்த்தபோதுதான் உங்கள் பாடத்தின் பொருள் எனக்கு நன்றாக விளங்கியது. எனக்கென்று அப்பா எதுவும் கட்டவில்லை. இது திட்டத்தோடு தொடர்பில்லாத விபரம், முழுமைக்காகச் சொல்கிறேன்.

முதற்படி, கூரையைத் திருத்துதல். இரண்டாம் படி, வாடகைக்கு விடுதல். ஆனால் அக்காவின் சீதனத்தில் அம்மா பிறரைக் குடியிருத்தமாட்டா. எனவே மூன்றாம் படியாக, ‘சொத்தின் மீதுள்ள உரிமையை நீக்குதல்’ என்று எழுதி அனுப்பினேன். ‘சிறந்த அவதானிப்பு, துணிந்து செய்க’ என்று சிவப்பு மையில் குறித்தவர் நீங்கள்தான்.

கெடுவில் நான்கு மாதம் போனபின் லூர்து என்பவர் பெண் பார்க்க வந்தார். வெல்லாவெளிப் பக்கம் வாய்க்கால் வேலைகளை மேற்பார்வை செய்பவர். கல்வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “யன்னல் இந்த மினுக்கம் மினுங்குது, ஆர் துடைக்கிற?” என்று கேட்டார்.

“இவள்தான் மனே. துடைச்சுத் துடைச்சுக் கைரேகையே அழிஞ்சி போச்சு” என்றா அம்மா.

“அப்ப இனி நான் துடைக்கிறன். அவ இருக்கட்டும்.”

அக்கா சிரித்தாள். பல் தெரிய அவள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கெடு முடிய இரண்டு மாதமே இருந்தது.

லூர்துவுக்கு என் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன். பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்பதைத் தவிர அதில் எதுவுமில்லை. அது பொய்யல்ல. அக்காவுக்கு ஏழு வயதில் காய்ச்சலோடு ஒருமுறை வலித்தது என்று அம்மாவே சொல்லியிருக்கிறா. லூர்து பிறகு வரவில்லை. பேச்சு ஊருக்குள்ளும் பரவிவிட்டது. அதை நான் திட்டமிடவில்லை, மேலதிகப் பலனாக அமைந்தது.

இரண்டாவது கடிதம் கன்னியர் மடத்தின் தலைவியான தாயாருக்கு. துறவறத்தில் சேர விருப்பம் என்று அக்காவின் கையெழுத்திலேயே எழுதினேன். எழுதப் பழகிய நாளில் அவளுடைய எழுத்தைப் பார்த்துத்தான் பழகினேன். தாயாரின் பதில் அக்காவின் பெயருக்கு வந்தது. வாங்கி வாசித்த அம்மா, “மாதாவே கூப்பிட்டிரிக்கா. இனி உன்னைக் கேட்டு ஆருகா வரப்போறா?” என்று அழுதா. அக்கா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என் விரலில் இருந்த மையைப் பார்த்தாள்.

அண்ணனுக்குச் சான்றிதழும் பதவி உயர்வும் கிடைத்துவிட்டன. குடியிருக்க நல்ல ஆள் அமையும்வரை கல்வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே இருக்கிறேன். எட்டு மாதமாகிறது. ஏறாவூர் உசனார் முதலாளி வாடகைக்குக் கேட்டார். அவருக்குப் பிள்ளைகள் அதிகம். சுவர் பழுதாகும் என்று அண்ணனிடம் சொல்லி மறுத்துவிட்டேன். வாவியைப் பார்த்த அறையில் எழுத வெளிச்சம் நன்றாக இருக்கிறது. என்றாலும் இதில் எனக்கென்று நான் எதுவும் செய்துகொள்ளவில்லை.

மூன்றாம் படிக்கு உரியவரின் சம்மதம் இருந்ததா என்று நீங்கள் கேட்கக்கூடும். இருந்தது. அக்கா மடத்துக்குப் புறப்பட்ட காலையில் நான் உங்களுக்கான அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். றங்குப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு என்னருகே வந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் காட்டுவதாகவே இருந்தேன். அவள் சேலைத் தலைப்பை நாக்கில் நனைத்து, சின்ன வயதில் செய்வதுபோல என் விரலிலிருந்த மையைத் துடைத்துவிட்டாள். துடைத்த என் கையிலேயே கல்வீட்டின் திறப்பை வைத்தாள். யாரும் கேட்காமல், தானாகவே வைத்தாள் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். ஆட்சேபணை இருந்திருந்தால் அப்போது சொல்லியிருக்கலாம். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து போனாள்.