டீச்சர் நோட்டின் நாலாவது வரி

உட்காரச் சொன்னதற்கு நன்றி சார். முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருஷமாக வேலை. நாற்காலியில் மற்றவர்களைத் தூக்கி உட்காரவைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படுவதுமில்லை. காலையில் நனைந்த துணி மாற்ற வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், முதுகில் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருவார்கள். கையில் ஆப்பிள் இருக்கும், பல்லே இல்லாதவருக்கு. கட்டில் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கோங்க அக்கா" என்று எனக்கு உபதேசமும் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். ஊரார் அப்பாவை ஊட்டி வளர்த்தால் என்ன கிடைக்கும் என்று எந்தப் புண்ணியவானும் சொல்லிவைக்கவில்லை.

ஏழாம் எண் அறையில் இருந்தவரைக் கண்டக்டர் என்போம். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்ற மனுஷர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. விழுங்குவதும் சரியாக வராது. இப்படிப்பட்டவர்களுக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். அதற்கென்று ஒரு பவுடர் இருக்கிறது. அதைக் கலந்து கூழ் மாதிரி ஆக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, அரைக் கரண்டியாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "ஆ" சொல்லச் சொல்ல வேண்டும். குரல் கரகரத்தால் தொண்டையில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வேளைக்கு நாற்பது நிமிஷம் ஆகும். மற்ற பெண்கள் பத்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுவிட்டு அரட்டைக்குப் போகிற ரகம், அதனால் அவரை யாரிடமும் விட்டதில்லை. கரண்டி உள்ளே போனதும் குழறலாக "போலாம் ரைட்" என்பார். பதினாலு மாதத்தில் ஒருமுறைகூட அவருக்குப் புரையேறவில்லை.

மகள் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள்காரிதான். திடீரென்று ஒருநாள் அவளுக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"அப்பாவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன் அக்கா. நீளமா லீவு போட்டுட்டேன். எப்படிப் பாத்துக்கணும்னு நீங்களே சொல்லிக் குடுங்க."

கண்டக்டர் சிரித்தார். அவருக்குப் பாதி வாய்தான் அசையும். அந்தப் பாதி வாயால் அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "போலாம் ரைட்" என்றார், அவளைப் பார்த்து. என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வலித்தது, அதை மறைப்பானேன்.

மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு வரச் சொன்னேன். நோட்டுப் போட்டு, நம்பர் போட்டு, அடிக்கோடிட்டு எழுதினாள். புரட்டுவது, துடைப்பது, நகம் வெட்டுவது எல்லாம் சுத்தமாகச் சொன்னேன். அவருக்குப் படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது, பாருங்கள்.

நாலாவது வரி தண்ணீர் கொடுப்பது.

"பவுடர் எல்லாம் இங்க பில்லுல காசு சேக்கறதுக்குப் பண்ற சடங்கு. வீட்ல வெறும் தண்ணியே குடுங்க. தலைய நல்லா பின்னால சாய்ச்சுப் பிடிங்க, தொண்ட தொறந்துக்கும்" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டாள். வெறும் தண்ணீர் என்றதும் கண்டக்டருக்கே முகம் மலர்ந்தது. பதினாலு மாதமாக என்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில் வந்து உட்கார்ந்திருந்தால், நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் வந்தால் எச்சிலும் வாடையும் பார்க்க வேண்டியிருக்குமே.

இருமலைப் பார்த்துப் பயந்து ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். ஏழாம் அறைக் கட்டிலில் விரிப்புக்கூட மாற்றிவைத்திருந்தேன். நாலாம் நாள் போன் வந்தது.

"அக்கா, தண்ணி குடுத்தாலே இருமுறார். கண்ணெல்லாம் கலங்குது. நான் எதாவது தப்பா செய்றேனா?"

"பயந்து பயந்து சாய்க்கறீங்க போல. இன்னும் நல்லா சாய்ங்க."

ஆப்பிள்காரிக்கு இவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தூங்காமல் கொள்ளாமல் பக்கத்திலேயே இருந்து ஊற்றியிருக்கிறாள். பதினோராம் நாள் காய்ச்சல், நெஞ்சு முழுக்கச் சளி. பதிமூன்றாம் நாள் போய்விட்டார். மகள் கையால் குடித்துவிட்டுத்தான் போனார். அந்தத் தம்ளரை நான் தொட்டதுகூட இல்லை.

தண்ணீர் நுரையீரலுக்குப் போனதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். போன வாரம் மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்கு வந்து, "அக்கா சரியாத்தான் சொல்லியிருப்பாங்க, நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்று அழுதாள். மேனேஜருக்கு இல்லத்தின் பெயர் கெடக் கூடாது. வேலைப்பளுவில் கவனக்குறைவாகச் சொல்லப்பட்டது என்று ஒரு காகிதத்தில் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதைப் போட்டிருந்தால் இந்நேரம் வேறு யாருக்காவது ஊட்டிக்கொண்டிருப்பேன். போட மனசு வரவில்லை. நானே கிளம்பி ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன்.

அந்தப் பெண் ஒரு எழுத்துக்கூடத் தப்பாக எழுதவில்லை. தலையைச் சாய்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன். போனிலும் தெரிந்துதான் சொன்னேன். கொலை என்று எழுதுவதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள் சார், எனக்கு ஆட்சேபணை இல்லை. கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். கண்டக்டர் விஷயத்தில் நான் ஒருநாளும் கவனம் குறைந்தவள் இல்லை.