நாற்பத்து நாலாவது கல்

எழிலரசி: இத்தன தோசக் கல்லா! வூட்டுப் பொறத்தால இரும்புக் கடையே வெச்சிருக்கியே...

பூவிழி: அக்கா, அந்தப் பக்கெட்டத் தொடாதீங்க! காஸ்டிக் சோடா கரைச்சு வெச்சிருக்கேன். கையி வெந்துடும்.

எழிலரசி: நான் எங்க தொட்டேன்? எட்டிப் பாத்தேன். உள்ளார என்னா ஊறுது?

பூவிழி: பணியாரக் கல்லு. பாப்பாரப்பட்டியில எடைக்குப் போட வெச்சிருந்தாங்க. எத்தன வருசத்து எண்ணெப் பிசுக்கோ... ரெண்டு நாளு ஊறுனாத்தான் விடும். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

எழிலரசி: ஏழு வருசங் கழிச்சு ஓரகத்தி வந்திருக்கேன். ஸ்டூலு தானா? வூட்டுக்குள்ள கூப்புட மாட்டியா?

பூவிழி: கூப்புட மாட்டேன்னு சொன்னேனா? கையெல்லாம் கரி. கழுவிட்டு வந்து காபி வெக்கறேன்.

எழிலரசி: காபி கெடக்கட்டும். ஒரே அடுப்புல பொங்கித் தின்னப்ப, 'வாக்கா, போக்கா'ன்னு தான கூப்புடுவ. இப்ப என்னா புதுசா வாங்க, போங்க?

பூவிழி: பழக்கம் விட்டுப்போச்சு... பென்னாகரம் பஸ்ஸுலயா வந்தீங்க?

எழிலரசி: ஆமா. நின்னுக்கிட்டே வந்தேன். அது சரி, இது என்னாது... தோசக் கல்லுக்கு வாலு மொளச்ச மாதிரி?

பூவிழி: வெள்ளக்காரன் வாணலுக்கா. ஸ்கில்லெட்டும்பாங்க. ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் பங்களாவ இடிச்சப்ப, சாமானோட சாமானா வந்துச்சு. நான் வாங்கறப்ப துரு மூடி, செங்கல்லு கணக்கா இருந்துச்சு.

எழிலரசி: இப்ப மூஞ்சி தெரியுது!

பூவிழி: வடிகஞ்சியில ஊற வெச்சு, தேங்கா நாருல தேச்சு, எண்ணெ தடவித் தடவி அடுப்புல வெச்சு... ஒரு மாசமாச்சு பழக்க. பெங்களூருல ஒரு அம்மா கேட்டாங்க. குடுக்க மனசு வரல.

எழிலரசி: வெண்மதி தான் போன்ல காட்டுனா. 'சித்தி கல்லு தேய்க்குது பாரும்மா, எத்தன பேரு பாக்கறாங்க தெரியுமா'ன்னு. நான் சொன்னேன், 'ஏன்டி, நம்ம வூட்டுல அண்டாவத் தேய்க்கச் சொன்னா முனகுனவ, இப்ப ஊராங்க கல்லயெல்லாம் தேய்க்கறாளா'ன்னு.

பூவிழி: ஆமாமா. அண்டா தேச்சது பூரா நானு. கவுத்து வெச்சுட்டுப் பேரு வாங்குனது நீங்க.

எழிலரசி: அடிப்பாவி! இன்னும் அத மறக்கலயா?

பூவிழி: எதத் தான் மறந்தேன்... வெண்மதி எப்பிடி இருக்குது?

எழிலரசி: கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்குது? அப்பா போட்டோவப் பாத்துப் பாத்து அழுவுது. ஆவணி பதினொண்ணு... பத்திரிக வந்துச்சுல்ல?

பூவிழி: வந்துச்சு.

எழிலரசி: கொழுந்தனாரு என்னா சொன்னாரு?

பூவிழி: படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. டிவி மேல வெச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

எழிலரசி: வருவாரா?

பூவிழி: நான் என்னாத்தக் கண்டேன்.

எழிலரசி: பூவிழி, சுத்தி வளைக்கல. அப்பன் எடத்துல நின்னு தாரை வாக்க சித்தப்பன வுட்டா அதுக்கு யாரு இருக்கா? நானே இப்பிடி நிக்கறேன், மணவறைக்குக் கிட்ட போவ முடியுமா? நீயும் அவரும் சோடியா நின்னு தான் புடிச்சுக் குடுக்கணும். மாப்பிள வூட்டுல வேற, 'சித்தப்பா இருக்காராமே, ஏன் நிச்சயத்துக்கு வரல'ன்னு கேக்கறாங்க.

பூவிழி: கேப்பாங்க தான்.

எழிலரசி: அவ சொல்லிட்டா. 'சித்தப்பா வரலன்னா கோயில்ல மாலைய மாத்திட்டு வந்துடறேன், எனக்கு யாரும் தாரை வாக்க வேணாம்'னு. அப்பன் மாதிரியே புடிவாதம்.

பூவிழி: ரெண்டு பேருக்கும் அதான் வாய்ச்சிருக்குது. மாமா சாவுக்கே அவரு வாசப்படி ஏறலியேக்கா.

எழிலரசி: பாத்தேன். பாடை தூக்குனாரு. கொள்ளி வெக்கற வரைக்கும் இருந்தாரு. கெணத்துல தலைய முழுவிட்டு, ஈரத்துணியோட வண்டியெடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு வாயி தண்ணி குடிக்கல.

பூவிழி: வூட்டுக்கு வந்து மூணு நாளு பேசல. நாலாம் நாளு ராகிக் களிய முன்னால வெச்சேன். 'எங்கண்ணன் களின்னா உசுர வுடுவான்'னாரு. தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டாரு.

எழிலரசி: எங்க வூட்டுக்காரரும் அப்பிடித்தான். கடேசியில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தப்ப, 'தம்பி வந்தானா, தமிழு வந்தானா'ன்னு கேட்டாரு. போன் பண்ணட்டுமான்னேன். 'வேணாம், அவனா வரட்டும்'னாரு. அழாத பூவிழி.

பூவிழி: அழல. சோடா நெடி.

எழிலரசி: சரி... நான் வந்தது ஒண்ணு, பேசறது ஒண்ணு. இந்த சாக்கப் பிரி.

பூவிழி: என்னாது, இத்தன கனம்? பஸ்ஸுல நின்னுக்கிட்டு இதத் தூக்கிக்கிட்டா வந்தீங்க?

எழிலரசி: பிரியேன்.

பூவிழி: ... அக்கா.

எழிலரசி: உங்கம்மா வூட்டுக் கல்லு தான். அரூர்ல இருந்து சீர்த்தட்டோட நீ தூக்கிட்டு வந்தது.

பூவிழி: நான் இத அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.

எழிலரசி: மாட்டுக் கொட்டாயில, பரண் மேல வெச்சிருந்தேன். யூரியா சாக்குல சுத்தி.

பூவிழி: எதுக்கு வெச்சிருந்தீங்க?

எழிலரசி: தெரியல. போடவும் மனசு வரல, பாக்கவும் மனசு வரல. நீ தான் இப்ப கல்லு டாக்டராச்சே. ஒட்ட முடியுமா பாரு.

பூவிழி: அந்தக் கரண்டிய எடுங்க... இல்ல, அந்தச் சின்னது. இப்ப நல்ல கல்லு ஒண்ணத் தட்டறேன், கேளுங்க.

எழிலரசி: கோயிலு மணி கணக்கா இருக்குது.

பூவிழி: இப்ப இது.

எழிலரசி: ... டொக்குங்குது.

பூவிழி: விரிசல் வுட்ட கல்லு அப்பிடித்தான். நிக்கல் ராடு வெச்சு வெல்டிங் பண்ற ஆளு இருக்காரு. ஒட்டலாம். செவுத்துல மாட்டலாம். அடுப்புல ஏத்துனா மறுபடியும் அதே எடத்துல வுட்டுடும்.

எழிலரசி: அப்ப தோச ஊத்த ஆவாது.

பூவிழி: ஆவாது. வெல்டிங் பண்ணது பாக்கத் தான், பொழங்கறதுக்கு இல்ல.

எழிலரசி: ஏழு வருசத்துக்கு முன்னால ஆடிப் பதினெட்டு... ஒகேனக்கல்லு போயிட்டு வந்து, வூடு நெறைய ஒறம்பர சனம். நீ கல்லக் கழுவத் தூக்கிட்டுப் போன. தொட்டி விளிம்புல டமார்னு சத்தம். நாங்கல்லாம் ஓடியாந்து பாத்தா, கல்லுல விரிசல்.

பூவிழி: ஞாபகம் இருக்குது.

எழிலரசி: 'நல்ல நாளும் அதுவுமா கல்ல ஒடச்சவ, குடும்பத்தயும் ஒடைக்காம வுட மாட்டா'ன்னு அவரு சொல்லிட்டாரு. எல்லாரும் இருக்கறப்ப.

பூவிழி: இவரு தோசத் தட்டத் தூக்கி வாசல்ல அடிச்சாரு. அந்த மாசமே அடுப்பு ரெண்டாச்சு, நெலத்துல வரப்பு ரெண்டாச்சு.

எழிலரசி: எல்லாம் உன் கையில இருந்து கல்லு வழுக்குனதால... அப்பிடித்தான ஊரே பேசுச்சு.

பூவிழி: அந்த அலமாரிக்குக் கீழ பாருங்க. ஒடஞ்ச கல்லு மூணு இருக்குது. அந்த மொதக் கல்லு கீழ வுழுந்தது. விளிம்பு மூக்குடஞ்ச மாதிரி சில்லு பேந்திருக்குதா?

எழிலரசி: ஆமா.

பூவிழி: ரெண்டாவது, இரும்புக் கடக்காரன் சுத்தியால போட்டது. அடிச்ச எடத்துல பள்ளம், அதச் சுத்தி கோடு கோடா போவுது. மூணாவது... காய்ஞ்ச கல்லுல பச்சத்தண்ணிய ஊத்துனது. சில்லு பேராது, பள்ளம் இருக்காது. விளிம்புல இருந்து நடுவாந்தரம் வரைக்கும் ஒரே கோடு. முடி மாதிரி. இப்ப நம்ம கல்லப் பாருங்க.

எழிலரசி: நீயே சொல்லு.

பூவிழி: நான் சொல்ல மாட்டேன். நீங்க தான தூக்கிட்டு வந்தீங்க.

எழிலரசி: ... ஒரே கோடு.

பூவிழி: ம்.

எழிலரசி: இத நீ கண்டுபுடிச்சுடுவேன்னு தெரிஞ்சு தான் வந்தேன். வாயால சொல்லத் துணிவு வரல. கல்லே சொல்லட்டும்னு தூக்கிட்டு வந்தேன்.

பூவிழி: சொல்லுங்க.

எழிலரசி: நான் தான் ஊத்துனேன். ஒரு சொம்புத் தண்ணி. அன்னிக்கு நான் ஊத்துன தோசைய அவரு ஓரமாத் தள்ளி வெச்சுட்டு, 'இது தோசயா, ரொட்டியா? பூவிழிய ஊத்தச் சொல்லு, அவ கையிக்கும் அவ கல்லுக்கும் தான் வரும்'னாரு. எங்கண்ணி, எங்க சித்தப்பா, எல்லாம் சிரிச்சாங்க. எங்காளுங்க முன்னாடியே! வந்த எரிச்சல்ல... காய்ஞ்ச கல்லுல தண்ணி ஊத்தறது வூட்டுக்கு ஆவாதுன்னு தெரியாதா எனக்கு? தெரிஞ்சு தான் ஊத்துனேன். அந்தக் கல்லு மேல அப்பிடி ஒரு ஆத்திரம்.

பூவிழி: விரிசல் வுட்டதப் பாத்தீங்களா?

எழிலரசி: பாத்தேன். தொடச்சு செவுத்துல சாச்சு வெச்சுட்டு வெளிய போயிட்டேன். அப்பறம் நீ போயி எடுத்த... உம்மேல பழி வுழுந்துச்சு. இப்பச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வரப்பு வந்துடுச்சு. அப்பறம் அவருகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்... அவரே போயிட்டாரு. 'தமிழு வந்தானா'ன்னு கேக்கறப்பக் கூட நான் சொல்லல பூவிழி. நான் மனுசியா?

பூவிழி: அக்கா...

எழிலரசி: நீ திட்டு. கரியக் கரைச்சு மூஞ்சியில ஊத்து. வாங்கிக்கறேன்.

பூவிழி: எந்திரிங்கக்கா. கால எதுக்குத் தொடறீங்க... எந்திரிங்க! எனக்கு வயசுல மூத்தவ நீங்க.

எழிலரசி: நீ எடைக்குப் போற கல்லா தேடித் தேடி எடுக்கற. வெண்மதி சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுச்சு. போன கல்ல நெனச்சு தான இத்தன கல்லயும் தேய்க்கற?

பூவிழி: நாப்பத்து மூணு. எண்ணி வெச்சிருக்கேன். கையி சும்மா இருந்தா ஒரு சத்தம் கேக்குதுக்கா. தேய்ச்சுக்கிட்டே இருந்தா கேக்கறதில்ல.

எழிலரசி: என்னா சத்தம்? தொட்டியில இடிச்சதா?

பூவிழி: காபி வெக்கறேன் இருங்க.

எழிலரசி: காபிய வுடு. வண்டிச் சத்தம் கேக்குது. கொழுந்தனாரா?

பூவிழி: இல்ல, பக்கத்து வூட்டு வண்டி. அவரு ஒரு மணிக்குச் சாப்புட வருவாரு. இப்ப வர்ற நேரம் தான்.

எழிலரசி: வரட்டும். உங்க பொண்டாட்டி மேல ஒரு தப்பும் இல்ல, உங்கண்ணன் கோவப்பட்டதும் என்னால தான், பழியத் தூக்கி என் தலையில வெச்சுட்டு புள்ளைக்கு வந்து நில்லுங்கன்னு சொல்லிப்புடறேன். என்ன வேணும்னா அவரு ஆயுசுக்கும் பேச வேணாம்.

பூவிழி: சொல்லாதீங்க.

எழிலரசி: ஏன்? இன்னும் எத்தன நாளைக்கு மறைக்கச் சொல்ற?

பூவிழி: சொல்லாதக்கா!

எழிலரசி: இப்பத் தான் அக்கான்னு வாயார வருது... ஏன்டி சொல்லக் கூடாது?

பூவிழி: நீ சொன்னா பாதி தான் வரும்.

எழிலரசி: பாதியா? ஊத்துனவ நானு. மீதி என்னா இருக்குது? ... இது அவரு வண்டி தான? கேட்டத் தெறக்கறாரு. பூவிழி, சொல்லு சீக்கிரம்!

பூவிழி: நீ சொம்பத் தூக்குனப்ப நான் பொறவாசல்ல, கதவோரமா நின்னுக்கிட்டு இருந்தேன்க்கா. சொய்ங்குனு தண்ணி பட்டதும் கேட்டுச்சு, டக்குனு கல்லு வுட்டதும் கேட்டுச்சு. தெரிஞ்சே தான் அதத் தூக்கிட்டுப் போயி, எல்லாருக்கும் கேக்கட்டும்னு தொட்டியில இடிச்சேன். எனக்குத் தனி அடுப்பு வேணும்னு இருந்துச்சு, அதுக்கு ஒரு சண்ட வேணுமா இருந்துச்சு... ஆறு மாசத்துல அண்ணன் தம்பி ஒண்ணாயிடுவாங்கன்னு நெனச்சேன், மாமா பாக்காமயே போவாருன்னு நான் கண்டனாக்கா?